திராட்சைக் கொடியும் வேலிப் பிரண்டையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



"அறிவியல் சம்பந்தமா ஏதாவது பேசுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று செயலாளர் நிபந்தனை போட்டுவிட்டார். வேதியியல்காரனுக்கு இது கொஞ்சம் கஷ்டமான நிபந்தனைதான். ஆனாலும் தலைப்பைத் தேடி நான் அலையவில்லை. வில்லியனூர்ப் பக்கம் போனாலும் பாகூர்ப் பக்கம் போனாலும் என்னைப் பார்ப்பவர்கள் கேட்கிற கேள்விகளையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி, சர்க்கரை வியாதி உள்ள ஒரு பெரியவர் கேட்டது: "ஏம்பா, இந்தத் திராட்சைக் கொட்டை மாத்திரையில ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்காமே, வாங்கிச் சாப்பிடலாமா?" இரண்டாவது, ஒரு நண்பர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டது: "ரெட் வைன் இதயத்துக்கு நல்லதுன்னு பிரெஞ்சுக்காரனே சொல்லிட்டானாமே?" மூன்றாவது, ஒரு மாணவி கேட்டது: "சார், புராஜெக்ட்ல பிரண்டைச் சாறு ஊதா நிறத்தை அப்படியே மஞ்சளா மாத்திடுச்சு. அப்ப அது மருந்துன்னு எழுதலாம்தானே?"

மூன்றும் ஒரே கேள்விதான். சோதனைக் குழாயில் நடப்பது உடம்பிலும் நடக்குமா என்பதே அது.

முதலில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன? மல்லாட்டை எண்ணெயை மூடாமல் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். நாளாக ஆக ஒரு காறல் வாடை வரும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எண்ணெயைத் தாக்குவதால் வருகிற வினை அது. ஒரு மூலக்கூறு ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு நிற்கும். பக்கத்து மூலக்கூறிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். பிடுங்கக் கொடுத்தது சும்மா இருக்குமா? அது அடுத்ததிடம் பிடுங்கும். இப்படிச் சங்கிலிபோல் போகும். ஜோடியில்லாமல் அலைகிற அந்தத் துகளைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் தனி உறுப்பு என்று படித்திருப்பீர்கள்.

நல்லெண்ணெய் மட்டும் அவ்வளவு சீக்கிரம் காறாது. எள்ளிலிருந்து வரும் செசமால் போன்ற பொருள்கள் தங்களிடமுள்ள ஹைட்ரஜனைத் தாமே கொடுத்து அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகின்றன. கொடுத்த பிறகு அடுத்தவரிடம் பிடுங்கப் போகாமல் அடங்கி இருக்கின்றன. அப்படிப்பட்ட பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். காரணம் தெரியாமலே நம் பாட்டிமார் ஊறுகாய்க்கு நல்லெண்ணெய்தான் ஊற்றினார்கள்.

எண்ணெய் காறுவதுபோல நம் உடம்பின் செல்களும் தனி உறுப்புகளால் பழுதடைந்துதான் மூப்பு வருகிறது என்று டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் 1956-இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். அதிலிருந்து ஒரு சுலபமான கணக்கு உலகம் முழுக்கப் பரவிவிட்டது: ராடிக்கல் கெட்டது, ஆன்டிஆக்ஸிடன்ட் நல்லது, எவ்வளவு சாப்பிட்டாலும் நல்லது. இந்தக் கணக்கில் எங்கே பிசகு என்று பார்க்கத் திராட்சைக் கொடியிடம் போக வேண்டும்.

நம் கொம்யூன்கள் நெல்லுக்கும் கரும்புக்கும் மல்லாட்டைக்கும் பேர்போனவை, திராட்சைக்கு அல்ல. ஆனால் திராட்சை ரசம் நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. கடலூர் ரோட்டில் பாகூருக்குப் போகும்போது அரியாங்குப்பம் வருமே, அங்கேதான் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது கொண்டுவந்த ஆம்ஃபோரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரசம் கப்பலேறி வந்துவிட்டது. கொடியைப் பார்க்க வேண்டுமானால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கே விளையும் பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது.

திராட்சைக் கொடிக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். சாம்பல் நிறப் பூஞ்சணம் ஒன்று, அடிச்சாம்பல் நோய் இன்னொன்று. 1885-இல் பிரான்சின் போர்டோ ஊரில் மில்லார்டே என்ற பேராசிரியர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து அடிச்சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தினார். இன்றைக்கும் அதற்குப் போர்டோ கலவை என்றுதான் பெயர். மனிதன் மருந்து தெளிப்பதற்கு முன்னால் கொடி என்ன செய்தது? தனக்கு வேண்டிய மருந்தைத் தானே காய்ச்சிக்கொண்டது.

இதை 1976-இல் இங்கிலாந்தில் லாங்கேக், பிரைஸ் என்ற இருவர் காட்டினார்கள். திராட்சை இலையில் பூஞ்சணத்தை ஏற்றினார்கள். வேறு சில இலைகளில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். பிறகு புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்த்தால், அடிபட்ட இடத்தைச் சுற்றி இலை நீலமாக ஒளிர்ந்தது. அந்த ஒளிர்வுக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். அதுதான் ரெஸ்வெரட்ரால். தாகஓகா என்ற ஜப்பானியர் அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு செடியின் வேரிலிருந்து எடுத்து வைத்திருந்த அதே பொருள்.

மாணவர்களுக்காக ஒரு வரி: இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு, மூன்று ஹைட்ராக்ஸில் தொகுதிகள். அந்த ஹைட்ராக்ஸிலில் உள்ள ஹைட்ரஜனைத்தான் அது தானம் கொடுக்கிறது. இதன் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்தால் வினிஃபெரின் என்ற பொருள் கிடைக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொடி இதை நம் இதயத்துக்காகச் செய்யவில்லை. பூஞ்சணத்தைத் தடுக்கத் தனக்காகச் செய்துகொள்கிறது. அதனால்தான் பழத்தின் சதையில் அது இல்லை என்றே சொல்லலாம். எதிரி வந்து மோதுகிற தோலில் இருக்கிறது. பழத்தைவிடக் கொடியின் தண்டில் இன்னும் அதிகம். கவாத்து செய்து வரப்பில் குவித்து எரிக்கிறோமே, அந்தக் குச்சியில்தான் வினிஃபெரினும் ரெஸ்வெரட்ராலும் நிறைய உண்டு. விதையில் இருப்பது வேறு குடும்பம், கேட்டக்கின் வகையும் அது கோத்த புரோஆந்தோசயனிடினும். பன்னீர் திராட்சையின் கருநீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின். இவை எல்லாமே ஆய்வுக்கூடத்தில் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட்கள்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

பிறகு எப்படி இது மாத்திரையானது? பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் நிறையச் சாப்பிட்டும் இதய நோயில் அவ்வளவாகச் சாவதில்லை, காரணம் வைனாக இருக்கலாம் என்று செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1992-இல் லான்செட் இதழில் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில் வைனில் ரெஸ்வெரட்ரால் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்? 2006-இல் கொழுப்பு உணவு தின்று பருத்த எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் கொடுத்தபோது அவை அதிக நாள் வாழ்ந்தன என்று நேச்சர் இதழில் செய்தி வந்தது. 2008-இல் ஒரு பெரிய மருந்து நிறுவனம் இந்த ஆராய்ச்சி செய்துவந்த சிறு நிறுவனத்தை 72 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அந்த எலிகளுக்குக் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 22 மில்லிகிராம். அதையே அப்படியே 60 கிலோ மனிதருக்குக் கொடுத்தால் 1,320 மில்லிகிராம். ஒரு லிட்டர் ரெட் வைனில் 2 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும்? 660 லிட்டர்! பாகூர் ஏரி அளவுக்கு இல்லாவிட்டாலும், மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி அளவுக்காவது குடிக்க வேண்டும்.

சரி, மாத்திரையாகவே கொடுத்தால்? 2004-இல் மனிதர்களுக்கு 25 மில்லிகிராம் வாய்வழி கொடுத்து அளந்து பார்த்தார்கள். முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைய குடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆனால் குடலும் கல்லீரலும் உடனே அதோடு சல்ஃபேட்டையும் குளுக்குரோனிக் அமிலத்தையும் ஒட்டவைத்து உருமாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன. ரத்தத்தில் உருமாறாமல் மிஞ்சுவது அணுவளவு. வந்த விருந்தாளியை வாசலிலேயே வேறு சட்டை மாட்டி அனுப்பிவிடுகிற வீடு நம் உடம்பு.

இத்தாலியின் கியாந்தி பகுதி வைனுக்குப் பெயர்போனது. அங்கே 65 வயதுக்கு மேற்பட்ட 783 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சாப்பாட்டின் வழியாக அவர்களுக்குள் போன ரெஸ்வெரட்ராலைச் சிறுநீரில் அளந்தார்கள். 2014-இல் வந்த முடிவு: அதிகம் உள்ளே போனவர்களுக்கும் குறைவாகப் போனவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசமில்லை, இதய நோயிலும் இல்லை, புற்றுநோயிலும் இல்லை. அந்த 72 கோடி டாலர் நிறுவனத்தின் தனி அலுவலகத்தை 2013-இலேயே மூடிவிட்டார்கள். அதற்கு முந்தின ஆண்டு, ரெஸ்வெரட்ரால் ஆராய்ச்சியில் பேரெடுத்த ஒருவரின் படங்களிலும் தரவுகளிலும் 145 இடங்களில் திருத்தல், இட்டுக்கட்டல் நடந்திருப்பதாக அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகம் விசாரித்து அறிவித்தது.

ஆன்டிஆக்ஸிடன்டை எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானா? பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகத் தினமும் கொடுத்தால் நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவைப் பார்த்தால், அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. ராடிக்கல் முழுக்க முழுக்கக் கெட்டதும் இல்லை. நம் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லத் தாமே ராடிக்கலை உண்டாக்கித்தான் தாக்குகின்றன. மிஞ்சுவதை அடக்க, 1969-இல் கண்டறியப்பட்ட சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற நொதிகளை உடம்பே வைத்திருக்கிறது. எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பட்டியல் போட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, சோதனைக் குழாய் எண்களை வைத்து மனித உடல்நலத்தைப் பற்றிப் பேச முடியாது, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது.

ஆகவே அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதில்: "ஐயா, பழத்தை நல்லாக் கழுவி, உங்க சர்க்கரைக்கு டாக்டர் எவ்வளவு சாப்பிடலாம்னாரோ அவ்வளவு தோலோட சாப்பிடுங்க. இந்த மாத்திரையை நம்பி அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்களா இருந்தா, கேட்காம எதையுமே வாங்காதீங்க." எங்கள் தெருவிலேயே விளம்பரத்தைப் பார்த்துச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கண் சிமிட்டிய நண்பருக்குப் பதில் இன்னும் சுருக்கம். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் அது பாதுகாப்பான அளவு என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. நம் ஊரில் மதுக்கடைக்குப் பஞ்சமில்லை. சாராயத்தால் தாலியறுந்த வீடுகள் எந்தத் தெருவில் இல்லை என்று நீங்களே சொல்லுங்கள். அப்படிப்பட்ட ஊரில், படித்தவர்கள் நாமும் சேர்ந்து "வைன் இதயத்துக்கு நல்லது" என்று சொன்னால் அது பாவம்.

இனி அந்த மாணவியின் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் அதுதான்.

லாங்கேக்கும் பிரைஸும் 1976-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே திராட்சையோடு "வைட்டேசி குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள்" என்றும் இருக்கும். வைட்டேசி என்பது திராட்சைக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நம் வேலியில் படர்கிற உறுப்பினர் யார் தெரியுமா? பிரண்டை! சேலியமேட்டிலும் மங்கலத்திலும் கள்ளி வேலிமேல் நாலு பட்டைத் தண்டோடு, கணுவுக்குக் கணு சுருள் கம்பி நீட்டிக்கொண்டு ஏறுகிறதே, அது திராட்சையின் பங்காளி. அந்தச் சுருளைப் பாருங்கள், மிளகுபோல் சிவந்த சின்னப் பழத்தைப் பாருங்கள், சாடை தெரியும். 1999-இல் ஜர்னல் ஆஃப் நேச்சுரல் ப்ராடக்ட்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு பிரண்டையிலிருந்து ரெஸ்வெரட்ராலையும், அதைவிட ஒரு ஹைட்ராக்ஸில் கூடுதலாக உள்ள பிசியாடனாலையும், குவாட்ராங்குலாரின் என்று பிரண்டையின் தாவரப் பெயரையே சூட்டிய புதுப் பொருள்களையும் பிரித்துக் காட்டியது. எலும்பு ஒட்டும் பிரண்டை என்று நம்மவர்கள் சொல்வதைச் சோதிக்க, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் ஆகியோர் 1960-களிலேயே விலங்குகளில் ஆய்வு செய்தார்கள்.

ஆகவே அந்த மாணவியின் சோதனையில் நிறம் மாறியது ஆச்சரியமில்லை. டி.பி.பி.எச். என்ற அந்த ஊதாக் கரைசலே ஒரு தனி உறுப்புதான். யாராவது ஹைட்ரஜன் கொடுத்தால் மஞ்சளாகிவிடும். 517 நானோமீட்டரில் அளந்து கணக்குப் போடலாம். 1958-இல் பிளாய்ஸ் என்பவர் தந்த எளிமையான, நல்ல முறை. ஆனால் எலுமிச்சைச் சாறு விட்டாலும் மாறும், டீத்தண்ணி விட்டாலும் மாறும். ஃபீனால் உள்ள எந்தச் செடியை விட்டாலும் மாறும். மெத்தனாலில் ஒரு பொருள் ஹைட்ரஜன் கொடுத்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் அது நம் ஆசை. "அம்மா, நிறம் மாறுவது வேறு, நோய் மாறுவது வேறு. 'பிரண்டைச் சாற்றில் ஹைட்ரஜன் கொடுக்கும் பொருள் உள்ளது'ன்னு எழுது. மருந்துன்னு எழுதாதே" என்றேன். முகம் கொஞ்சம் வாடிப்போயிற்று. "அப்ப நான் செஞ்சதுக்கு அர்த்தமே இல்லையா சார்?" என்றாள்.

நிச்சயமாக இருக்கிறது. இங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்யக்கூடிய நாலு கேள்விகளை இங்கே வைக்கிறேன்.

ஒன்று: கொண்டுவந்தது பிரண்டைதானா? காய்ந்த மாதிரி ஒன்றை அட்டையில் ஒட்டி, இடமும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் உலர்தாவரச் சேகரிப்பு பாண்டியிலேயே இருக்கிறது. இப்படி ஒரு ஊரில் படிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டு: பிரண்டையும் அடிபட்டால்தான் அதிகம் சுரக்கிறதா? ஒரு தண்டைக் கீறி இரண்டு நாள் விட்டு, கீறாத தண்டோடு ஒப்பிடலாம். ஒரு புற ஊதா விளக்கு போதும்.

மூன்று: துவையலில் எவ்வளவு மிஞ்சுகிறது? யாரும் பிரண்டையை மெத்தனாலில் ஊறவைத்துச் சாப்பிடுவதில்லை. நம் வீட்டில் கையில் எண்ணெய் தடவி, கணுவும் நாரும் நீக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, புளி சேர்த்து அரைக்கிறார்கள். அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்ஸலேட் படிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அதனால்தான் பிரண்டையில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வதக்குவதற்கு முன், வதக்கிய பின், புளி சேர்த்த பின் என்று மூன்று நிலையிலும் ஃபீனாலையும் ஆக்ஸலேட்டையும் அளந்தால், அது நம் சமையலறைக்கே பயன்படும் ஆய்வு.

நாலு: நம் மல்லாட்டையின் தோலிலும் ரெஸ்வெரட்ரால் உண்டு. வறுத்ததில் எவ்வளவு, அவித்ததில் எவ்வளவு? உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?

ஒவ்வொரு ஆய்வின் கடைசிப் பக்கத்திலும் "இதிலிருந்து சொல்ல முடியாதவை" என்று ஒரு பத்தி எழுதுங்கள். பரிசோதகர் மார்க்கைக் குறைக்க மாட்டார். குறைத்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன்.

பாகூர் மண்ணுக்குப் படிப்பு புதிதல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைச் சொல்கிறது. ஊரை எழுதிவைக்க நம்மால் முடியாது. ஆனால் முன்னாள் மாணவர்கள் நாம் எல்லோரும் சேர்ந்தால் ஒரு புற ஊதா விளக்கும், வேலை செய்கிற ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் வாங்கித் தர முடியும். என் பங்கை இன்று பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகப்போகிறேன். சாப்பாட்டுக்குப் போகிற வழியில்தான் அவர் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டாமல் யாரும் பந்திக்குப் போக முடியாது என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன்.

அடுத்த ஆண்டு இதே மேடையில், பிரண்டைத் துவையலில் என்ன மிஞ்சுகிறது என்று அந்த மாணவி வந்து எண்ணோடு சொல்ல வேண்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும்.